முழுசு காட்டும் முள்

அந்த மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் முள்ளைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. ஹாரன் அடித்தது, விளக்கு எரிந்தது, பிரேக் பிடித்தது. முள் மட்டும் டேங்கில் பெட்ரோல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழுசு என்றே காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லாமல் முழுசு காட்டுகிற மனிதர்கள் உண்டு. அவர்களைப் பெரிய பதவியில் உட்கார வைத்து அழகு பார்க்கிறோம். வண்டி விஷயத்தில் அது சரிப்பட்டு வரவில்லை.

வண்டிக்குச் சொந்தக்காரர் ஒரு லேபுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவர். தெருக்களில் அவருக்கு ரத்தக்காரர் என்றே பெயர். சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தைகளிடம் "ரத்தக்காரரைக் கூப்பிடட்டுமா?" என்று தாய்மார்கள் மிரட்டுவார்கள். அவரோ ஒரு கொசுவைக்கூட அடிக்காத ஆள். ஒரே தொழில் என்கிற பாசம் என்று அவர் மனைவி சொல்வாள்.

காலையில் வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களிடம் எடுத்த ரத்தத்தை ஐஸ் பெட்டியில் அடுக்கி, வெயில் ஏறுவதற்குள் லேபில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் கெட்டுப்போகும். கெட்டுப்போனால் மறுபடி அதே வீடு, அதே கை, அதே ஊசி. வேலை அவ்வளவுதான். அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

வண்டி முதல் தடவை நின்றது ஒரு மேம்பாலத்தின் நடுவில். முள் முழுசு காட்டியதால் பெட்ரோல் இருக்காது என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்தார், வண்டியைச் சாய்த்தார், நிமிர்த்தினார், கெஞ்சினார், கடைசியில் திட்டினார். வேடிக்கை பார்க்க நின்ற ஒருவர்தான் டேங்க் மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னார். உள்ளே துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அவர் லேபுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐஸ் தண்ணீராகியிருந்தது. ரத்தம் குப்பைக்குப் போனது.

மறுநாள் மூன்றாம் மாடி அம்மாவிடம் போய் நின்றார். அந்த அம்மாவுக்கு வாராவாரம் ரத்தம் பார்த்தாக வேண்டும். நரம்போ லேசில் அகப்படாது.

"நேத்து எடுத்தது என்னாச்சு தம்பி?"

"கெட்டுப்போச்சும்மா."

"என் ரத்தமா?"

"இல்லம்மா, என் வண்டி."

அந்த அம்மா ஒன்றும் புரியாமல் கையை நீட்டினார். மூன்று இடத்தில் குத்திய பிறகுதான் நரம்பு கிடைத்தது. ரத்தக்காரருக்குத் தன் கையையே வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது.

அன்றே வண்டியை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார். வண்டிக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சென்டர் அது. கண்ணாடிக் கட்டடம், குளிர்ந்த காற்று, உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராத சோபா. வரவேற்பு மேசையில் இருந்த பெண் எழுந்து நின்று, "வணக்கம் சார், உங்க பயணத்துல நாங்களும் கூட வர்றோம்" என்றாள். உள்ளே நுழைகிற எல்லோரிடமும் அதைச் சொல்ல வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. தண்ணீர் கேன் போட வந்தவரிடமும் சொன்னாள், கழிவறை எங்கே என்று கேட்டவரிடமும் சொன்னாள்.

ஆலோசகர் என்று சட்டையில் எழுதியிருந்தவர் குறையைக் கேட்டுக்கொண்டார். டேங்குக்குள் இருக்கும் மிதவையை மாற்றினார்கள். சில நாள் முள் மேலும் கீழும் ஒழுங்காகப் போய்வந்தது. பிறகு முழுசில் போய் நின்றுகொண்டது. மறுபடி போனபோது மீட்டரையே மாற்றினார்கள். புது முள் இன்னும் சுறுசுறுப்பு. அந்த வாரமே முழுசுக்குப் போய்விட்டது.

ஒவ்வொரு தடவையும் வண்டியைக் கையில் கொடுக்கும்போது ஆலோசகர் அவரை ஒரு தூணுக்குப் பின்னால் கூட்டிப்போவார்.

"சார், கம்பெனிலேருந்து போன் வரும். பத்துக்கு எத்தனை மார்க்னு கேப்பாங்க. பத்து குடுத்துடுங்க சார். ஒன்பது குடுத்தா எனக்கு சம்பளத்துல பிடிப்பாங்க. எட்டு குடுத்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

வேலை போவது என்றால் என்ன என்று ரத்தக்காரருக்குத் தெரியும். இரண்டு தடவையும் பத்து கொடுத்தார்.

முள்ளை நம்பாமல் மனக்கணக்கில் பெட்ரோல் போட்டு ஓட்டினார். கணக்குத் தப்பி வண்டி இரண்டாம் தடவை நின்றது ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். மறுபடி ஐஸ் தண்ணீரானது. மறுபடி மூன்றாம் மாடி அம்மா. "இனிமே முதல்லயே ரெண்டு பங்கா எடுத்துக்கோ தம்பி. ஒண்ணு லேபுக்கு, ஒண்ணு வண்டிக்கு" என்றார் அந்த அம்மா.

லேப் முதலாளி அமைதியானவர். யாரையும் அதட்டிப் பேசாமலே வேலையை விட்டு நிறுத்தக் கூடியவர்.

"இன்னொரு தடவை ரத்தம் கெட்டுச்சுன்னா நீ வர வேணாம்பா. வண்டி மேலதான் தப்புன்னு சொல்ற. சரி, வண்டிக் கம்பெனிக்காரன் கிட்ட அதை எழுதி வாங்கிட்டு வா. எழுதிக் குடுத்தான்னா உன் மேல குத்தம் இல்ல. நானே உனக்கு லேப் வண்டி ஒண்ணு தர்றேன். குடுக்கலைன்னா நீ சொல்றது பொய். அவ்ளோதான்."

மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அது முள்ளுன்னா நம்மகிட்ட குச்சி இல்லையா? தினமும் காலைல மூடியத் திறந்து ஒரு குச்சிய விட்டுப் பாருங்க" என்றாள். அப்படியே செய்தார். குச்சி நனைந்த அளவைப் பார்த்துப் பெட்ரோல் போட்டுக்கொண்டார். வண்டி நிற்கவே இல்லை. விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் முதலாளி கேட்ட கடிதம் ஒன்று இருந்ததே. எந்தக் காரணத்துக்காக ரத்தம் கெட்டாலும் அந்தக் கடிதம் இல்லாமல் தப்பிக்க முடியாது என்று நினைத்து மறுபடி சென்டருக்குப் போனார். அவர் செய்த ஒரே தவறு அதுதான்.

எழுத்தில் கேட்கிறார் என்றதும் ஆலோசகர் முகம் வெளுத்தது. உள்ளே போய் மண்டல மேலாளரைக் கூட்டிவந்தார். மேலாளர் கழுத்தில் கட்டிய டை அவர் வயிற்றின்மேல் படுத்திருந்தது. வந்தவர் முதலில் டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"உள்ள என்ன சார் கீறல்?"

"குச்சி விட்டுப் பாத்தேன் சார். பெட்ரோல் எவ்ளோ இருக்குன்னு."

"எந்தக் குச்சி?"

"சும்மா, வீட்ல கிடந்த குச்சி."

மேலாளர் ஆலோசகரைத் திரும்பிப் பார்த்தார். ஆலோசகர் தலையைக் குனிந்துகொண்டார். ஏதோ பெரிய பாவம் நடந்துவிட்டது என்று ரத்தக்காரருக்குப் புரிந்தது.

"சார், எங்க இன்ஜினியருங்க பல வருஷம் ஆராய்ச்சி பண்ணி ஒரு மீட்டர் செஞ்சிருக்காங்க. அதை நம்பாம ஒரு குச்சிய நம்பியிருக்கீங்க. அந்த முள் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? சரி, விடுங்க. சோதனை பண்ணிடலாம்."

சோதனை என்றால் முதலில் டேங்கை நிரப்ப வேண்டும், ரத்தக்காரர் செலவில். நிரப்பினார்கள். சாவியைத் திருப்பினார்கள். முள் முழுசு காட்டியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"பாத்தீங்களா? ரொம்பச் சரியா காட்டுது."

"இப்ப சரிதான் சார். டேங்கைக் காலி பண்ணிட்டுப் பாருங்க."

"காலி டேங்கோட ஒரு வண்டியையும் உள்ள விட மாட்டோம். பாதுகாப்பு விதி."

"அப்ப காலியா இருக்கும்போது முள் என்ன காட்டுதுன்னு எப்படிப் பாப்பீங்க?"

"பாக்க வேண்டிய அவசியமே வந்ததில்ல சார். நான் வேலைக்குச் சேந்த நாள்லேருந்து இந்த வாசலுக்குள்ள ஒரு முள்ளுகூட தப்பா காட்டினதில்ல." இதைச் சொல்லும்போது மேலாளர் குரலில் உண்மையான பெருமை இருந்தது.

பிறகு ரத்தக்காரரைச் சோதித்தார்கள். சுவரில் மாட்டியிருந்த பெரிய மீட்டர் படத்துக்கு எதிரே அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, ஒரு கண்ணைப் பொத்தி, முள் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். "கண்ணு நல்லா இருக்கு. அப்ப குறை மனசுலதான்" என்று மேலாளர் முடிவுக்கு வந்தார். ரத்தக்காரர் பொறுமையாக, இரண்டு தடவை நடுரோட்டில் நின்றதையும், வேலைக்கு வந்திருக்கும் ஆபத்தையும் சொன்னார். ஒரு வரி எழுதித் தந்தால் போதும் என்றார்.

"உங்க கஷ்டம் புரியுது சார். ஆனா நீங்களே ரெண்டு தடவை பத்துக்குப் பத்து குடுத்திருக்கீங்க. இந்த மண்டலத்துலயே ரொம்பத் திருப்தியான வாடிக்கையாளர் நீங்கதான். உங்க போட்டோவ மாட்டலாம்னு இருந்தோம். இப்ப நான் முள் சரியில்லைன்னு எழுதினா உங்களைப் பொய்யர்னு சொன்ன மாதிரி ஆயிடும். அதை நான் செய்ய மாட்டேன்."

ரத்தக்காரர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் தூணைப் பார்த்தார்.

கடைசியில் மேலாளர் ஒரு வழி சொன்னார். கண்காணிப்புச் சோதனை என்று அதற்குப் பெயர். நிரப்பிய டேங்கின் மூடிக்கு சீல் வைப்பார்கள். முள் காலி காட்டும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. வழக்கமான வேலைக்கு மட்டும்தான் ஓட்ட வேண்டும். பெட்ரோலைத் தீர்ப்பதற்காகச் சும்மா சுற்றினால் சோதனை செல்லாது. சீலை உடைத்தால் வாரண்டியும் போய்விடும், கடிதமும் கிடையாது.

"முள் இறங்காமலே வண்டி நின்னுட்டா சார்?"

"முள் இறங்காம வண்டி எப்படி நிக்கும்?"

"ரெண்டு தடவை நின்னிருக்கே."

"அது சீல் இல்லாம நின்னது, கணக்குல வராது. சீலோட நின்னா ஒரு போன் பண்ணுங்க. நானே நேர்ல வந்து பாத்து, கையோட எழுதித் தர்றேன்."

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். "அதாவது, வேலை போகாம இருக்கறதுக்கு லெட்டர் வேணும். லெட்டர் வேணும்னா வேலை போற மாதிரி ஓட்டணும். அதானே?"

"எழுதித் தர்றேன்னு அவ்ளோ பெரிய மனுஷர் சொல்லியிருக்காரு."

"எவ்ளோ பெரிய மனுஷர்?"

"டை கட்டியிருக்காரு" என்றார் ரத்தக்காரர்.

குச்சி இல்லாமல் வண்டி ஓட்டிய அந்த நாட்களில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சிக்னலில் நிற்கும்போது வண்டியை ஆட்டி, டேங்கில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே சளசளவென்ற சத்தம் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. முள் மட்டும் அசையவில்லை. பெட்ரோல் பங்குகளைத் தாண்டிப் போகும்போது தலையைத் திருப்பிக்கொண்டு போனார்.

வண்டி நின்றது ஒரு தொழிற்சாலையின் நீண்ட மதிலோரம். நிழல் என்று பேருக்குக்கூட இல்லை. பெட்டி நிறைய ரத்தம். மேலேயே மூன்றாம் மாடி அம்மாவின் குப்பி. எதிர்ப்பக்கம், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், ஒரு பெட்ரோல் பங்க். முள் முழுசு காட்டியது. சீல் அப்படியே இருந்தது. ரத்தக்காரருக்குப் பயத்தோடு ஒரு சந்தோஷமும் வந்தது. இனி யாரும் மறுக்க முடியாதே என்று நினைத்தார். பாவம்.

சென்டருக்குப் போன் செய்தார். வருகிறோம், எதையும் தொடாதீர்கள் என்றார்கள். லேபுக்குப் போன் செய்தார். "லெட்டர் கையில வந்துச்சா?" என்றார் முதலாளி. "வந்துட்டிருக்காங்க சார். பெட்டியை எடுத்துட்டுப் போக மட்டும் யாரையாவது அனுப்புங்க." "லெட்டரோட பெட்டியையும் நீயே கொண்டு வா" என்று சொல்லி வைத்துவிட்டார். ரோட்டில் போன ஒரு காரைக் கைகாட்டி நிறுத்தினார். ஓட்டியவர் நல்ல மனிதர், கண்ணாடியை இறக்கினார். பெட்டியில் என்ன என்று கேட்டார். ரத்தம் என்றதும் கண்ணாடி ஏறியது, கார் பறந்தது.

மேலாளர் வந்து சேர்ந்தபோது ஐஸ் பாதி போயிருந்தது. கூடவே குடை பிடித்துக்கொண்டு ஆலோசகர். மேலாளர் சீலைத் தடவிப் பார்த்தார். சாவியைத் திருப்பி முள்ளைப் பார்த்தார். பிறகு மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். உள்ளே ஒரு சொட்டு இல்லை. நெடுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை.

"முள் நல்லா இருக்கு சார். பெட்ரோல்தான் இல்ல."

"சார், அதைத்தானே முள் காட்டணும்?"

"இப்படி நினைச்சுத்தான் நிறையப் பேர் ஏமாறாங்க. முள்ளோட வேலை பெட்ரோலைக் காட்டறது இல்ல சார். ஓட்டறவருக்கு ஒரு தைரியம் குடுக்கறது. இந்த முள் முதல் நாள்லேருந்து உங்களுக்கு தைரியம் குடுத்துட்டே இருக்கு. வண்டி நின்ன பிறகும் குடுக்குது பாருங்க. காலின்னு காட்டி, போற வழியெல்லாம் உங்களை பயமுறுத்தியிருந்தா நீங்க சந்தோஷமா இருந்திருப்பீங்களா? எங்க கம்பெனில யாரும் மேலதிகாரிகிட்ட காலின்னு சொல்றதில்ல சார். நான் எங்க தலைமை ஆபீசுக்கு எல்லாம் நல்லாருக்குன்னுதான் எழுதறேன். அவங்களும் அப்படித்தான் மேல எழுதறாங்க. அப்படித்தான் இவ்ளோ பெரிய கம்பெனி ஓடுது. நீங்க ஒருத்தர்தான் டேங்கைத் திறந்து பாக்கறீங்க."

ரத்தக்காரர் ஐஸ் பெட்டியைக் காட்டினார். மூன்றாம் மாடி அம்மாவைப் பற்றிச் சொன்னார். மேலாளர் அவர் தோளில் கைவைத்தார். அந்த நேரம் பார்த்து ஆலோசகர் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். நடுரோட்டிலும் வாடிக்கையாளருக்குத் தோள் கொடுக்கும் சேவை என்று அது பின்னால் வரவேற்பறைச் சுவரில் மாட்டப்பட்டது.

சொன்ன சொல்லை மேலாளர் காப்பாற்றினார். காரின் முன்பக்கத்தில் தாளை வைத்து, கையோடு எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். வண்டியை ஏற்றிப்போக ஒரு லாரியாவது அனுப்பும்படி ரத்தக்காரர் கேட்டதற்கு, பழுதான வண்டியை மட்டும்தான் ஏற்றுவோம், உங்களுடையது நல்ல வண்டி என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

எதிரே இருந்த பங்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு ரத்தக்காரர் லேபுக்குப் பறந்தார். கடிதத்தை முதலாளி உரக்கப் படித்தார்.

"வாகனம் நேரில் சோதிக்கப்பட்டது. எரிபொருள் காட்டும் கருவி முதல் தரமாக இருக்கிறது. வாகனம் நின்றதற்குக் காரணம் எரிபொருள் இல்லாமை. வாடிக்கையாளர், பெட்ரோல் தீரும்வரை வண்டி ஓட்டும் பழக்கம் உள்ளவர். இதை நாங்கள் நேரிலேயே பார்த்தோம்."

முதலாளி தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "மெஷின் பொய் சொல்லாதுப்பா. எனக்குத் தெரியாதா? நம்ம லேப் மெஷினையும்தான் தப்பு தப்புன்னு எத்தனை நோயாளிங்க சொல்றாங்க" என்றார். ரத்தத்தைக் குப்பையில் கொட்டச் சொன்னார். கடைசி வேலையாக ரத்தக்காரரே அதைக் கொட்டினார். மறுநாள் மூன்றாம் மாடி அம்மாவின் கையில் குத்தியது வேறு ஒரு ஆள். அவனுக்கு நரம்பு கிடைக்கவே இல்லை என்று கேள்வி.

கையில் வேலை இல்லாதவருக்கு வண்டி எதற்கு. அரிசி வாங்கியாக வேண்டும், விற்றுவிடலாம் என்று மனைவி சொன்னாள். வெளியே விற்றால் முள்ளைப் பற்றிக் கேட்பார்கள், அவருக்குப் பொய் வராது. முள் முதல் தரம் என்று முத்திரை குத்திக் கொடுத்த கம்பெனியே பழைய வண்டி வாங்குகிறதே, அங்கேயே கொடுத்துவிடலாம் என்று கிளம்பினார்.

அதே கண்ணாடிக் கட்டடத்தில் இன்னொரு வாசல். வரவேற்பு மேசைப் பெண் எழுந்து நின்று, பயணத்தில் கூட வருவதாகச் சொன்னாள். பழைய வண்டிகளை மதிப்புப் போடுகிற ஆள் வந்தார். சாவியைத் திருப்பினார். மீட்டர் கண்ணாடியை நகத்தால் ஒரு தட்டு தட்டினார். வண்டியை ஒரு ஆட்டு ஆட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். கொட்டாவி விட்டு முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"முள் போச்சு. முழுசுலயே நிக்குது. விலையில பாதி குறையும்."

ரத்தக்காரர் கடிதத்தை எடுத்து நீட்டினார். அவர் அதை வாங்கவே இல்லை.

"அது சர்வீஸ் பிரிவு குடுத்தது சார். அவங்க வேற, நாங்க வேற. நாங்க வண்டியைப் பாத்துதான் சொல்வோம்."

"முள் போச்சுன்னு நீங்க எழுதித் தருவீங்களா?"

"எழுதாம எப்படி விலையைக் குறைக்கிறது?" என்று சொல்லி அவர் அப்போதே எழுதினார். எரிபொருள் முள் பழுது, வண்டி வாங்கிய நாளிலிருந்தே இருந்திருக்கக்கூடிய கோளாறு என்று அழகான கையெழுத்தில் எழுதி, முத்திரையும் குத்தினார். எந்த வரிக்காக ரத்தக்காரர் அத்தனை நாள் அலைந்தாரோ அந்த வரி. கீழே, உரிமையாளரின் கவனக்குறைவு என்று ஒரு வரி சேர்த்து, கையெழுத்துக்காகத் தாளை அவர் பக்கம் திருப்பினார். இரக்கமுள்ள மனிதர் போலிருக்கிறது, பேனாவை நீட்டும்போது கேட்டார்:

"இவ்ளோ நாள் ஓட்டியிருக்கீங்களே சார். ஒரு தடவையாவது நம்ம சர்வீஸ்ல கொண்டுவந்து காட்டியிருக்கக் கூடாதா?"

ரத்தக்காரர் பேனாவை வாங்கினார்.

"தோணாம போச்சு சார்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.